சொல்லில்லாச் சுதந்திரம்: ஆர்க்கெஸ்ட்ராவில் தேச வரலாறு

1899 பிப்ரவரியில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஃபின்லாந்தின் மன்றத்தைக் கேட்காமலே அந்த நாட்டுக்குச் சட்டம் போடத் தமக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். எதிர்த்து எழுதிய பத்திரிகைகள் மூடப்பட்டன. அந்த நவம்பரில் ஹெல்சின்கியில் பத்திரிகையாளர் ஓய்வூதிய நிதிக்கென்று ஒரு விழா எடுத்தார்கள். வெளியே சொன்ன காரணம் அது. ஊருக்கே தெரிந்த காரணம் வேறு. மேடையில் நடிகர்கள் அசையாமல் நிற்க, ஃபின்லாந்தின் வரலாறு காட்சி காட்சியாக விரிந்தது. காட்சிகளுக்கு இசை எழுதியவர் ழான் சிபெலியஸ், வயது 33. கடைசிக் காட்சிக்கு ‘ஃபின்லாந்து விழிக்கிறது’ என்று பெயர். அதில் கவிஞர்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது, நாட்டின் முதல் ரயில் எஞ்சின் இருந்தது. நிக்கோலஸின் தாத்தா இரண்டாம் அலெக்ஸாண்டரும் இருந்தார். தாத்தாவைப் போற்றினால் பேரன் எந்த முகத்தோடு தடுப்பார்?

அந்தக் கடைசிக் காட்சியின் இசைதான் மறு ஆண்டு திருத்தப்பட்டு ‘ஃபின்லாந்தியா’ ஆயிற்று. 1900-இல் ஹெல்சின்கி இசைக்குழு பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போகும் வழியில் ஐரோப்பிய நகரங்களில் வாசித்தபோது அது ‘தாயகம்’ என்ற பெயரில் பயணம் செய்தது. ரஷ்ய ஆட்சியில் இருந்த பால்டிக் பகுதிகளில் அந்தப் பெயரும் ஆபத்து என்பதால் ‘இம்ப்ராம்ப்டு’ என்று எந்தச் சாயலும் இல்லாத பெயரில் வாசித்தார்கள். அட்டையில் பெயரை மாற்றியது போதுமாக இருந்தது. உள்ளே ஒரு சுரத்தில்கூடக் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கவிதையையோ நாடகத்தையோ இப்படிக் கண்காணிப்பைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது.

வாத்திய இசைக்கு வாய் கிடையாது. தேசத்தின் வரலாற்றையும் விடுதலை வேட்கையையும் ஆர்க்கெஸ்ட்ராவில் எழுத முனைந்த எல்லோரும் இந்த ஊமைத்தன்மையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தணிக்கை அதிகாரியின் கையில் சிக்காமல் இசையைக் காத்தது அதுதான். எழுதியவர் கனவிலும் நினைக்காத ஆட்சிகள் அதே இசையைத் தூக்கிக்கொண்டு போக வழிவிட்டதும் அதுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ‘தேசிய இசை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிற வழக்கம், கச்சேரிக் குறிப்புகளில் இன்றும் இருக்கிறது.

முதலில் வடிவம். சொல் இல்லாமல் விடுதலையைக் கேட்பவருக்கு உணர்த்த ஐரோப்பிய இசை ஒரு பாதையைக் கண்டுபிடித்தது. அதைத் தெளிவாகப் போட்டவர் பீத்தோவன். 1809-இல் நெப்போலியனின் படை வியன்னாவைப் பிடித்து மாதக்கணக்கில் தங்கியிருந்தது. படை போனதும் அங்குள்ள அரச நாடக அரங்கு கோதேயின் ‘எக்மோன்ட்’ நாடகத்தை எடுத்தது. ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து, 1568-இல் பிரஸ்ஸல்ஸில் தலை வெட்டப்பட்ட ஒரு பிரபுவின் கதை. 1810-இல் பீத்தோவன் எழுதிய தொடக்க இசை எஃப் மைனரில், தரையில் ஊன்றி நடப்பது போன்ற கனத்த நரம்புக்கருவி ஒலிகளோடு ஆரம்பிக்கிறது. போராட்டம் உச்சத்துக்குப் போகும்போது வயலின்கள் கூர்மையாக ஒரு வெட்டு வெட்டி இறங்குகின்றன; பிறகு நிசப்தம். தலை விழுந்த தருணம் என்று இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். காற்றுக்கருவிகள் மெல்ல நாலைந்து ஒலிகளை எடுத்துக் கொடுக்க, எங்கிருந்தோ எஃப் மேஜர் கிளம்பி வருகிறது. நம் சொல்லில் ஏறக்குறைய நடபைரவியிலிருந்து சங்கராபரணத்துக்கு. நாயகன் செத்த பிறகுதான் வெற்றி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெற்றி பெறுவது ஆள் அல்ல, அவன் பற்றியிருந்த எண்ணம்.

இருளிலிருந்து வெளிச்சத்துக்கு, மைனரிலிருந்து மேஜருக்கு என்ற இந்தப் பாதையில் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் நடந்தார்கள் என்று எண்ணி மாளாது. ‘ஃபின்லாந்தியா’வும் பித்தளைக் கருவிகளின் உறுமலில் தொடங்கி அதே வழியில்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. பாதை எவ்வளவு தேய்ந்துபோகும் என்பதற்கு சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ சாட்சி. நெப்போலியன் ரஷ்யாவில் தோற்ற கதையை 1880-இல் எழுதினார். பிரெஞ்சுப் படைக்கு ‘மார்செயேஸ்’, ரஷ்யாவுக்கு ஜாரின் தேசிய கீதம், நடுவில் பீரங்கி, முடிவில் மணிகள். நெப்போலியன் ஆட்சியில் ‘மார்செயேஸ்’ ஓரங்கட்டப்பட்ட பாட்டு. ஜாரின் கீதமோ 1833-இல்தான் எழுதப்பட்டது. வரலாறு இதில் வெறும் மேடைத் திரை. சத்தம் அதிகம், அன்பின் சூடு இல்லாமல் எழுதினேன் என்று சைக்கோவ்ஸ்கியே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். சோவியத் காலத்தில் ஜாரின் கீதத்தை வெட்டி எடுத்துவிட்டு கிளிங்காவின் ஒரு மெட்டை ஒட்டினார்கள், துண்டு பொருந்தியது. 1974 முதல் பாஸ்டன் நகரில் அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று வாணவேடிக்கையோடு இதையே வாசிக்கிறார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தியின் வெற்றி எப்படி ஜூலை 4-க்கு உரியதாயிற்று என்று அங்கே யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கழற்றி மாட்ட வசதியான இசை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கழற்றி மாட்ட முடியாத ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் செக் நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பழைய பாட்டு இருக்கிறது. 1415-இல் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழி வந்தவர்கள் போப்பின் சிலுவைப் படைகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்டார்கள். கடவுளின் போர்வீரர்களை விளித்துத் தொடங்கும் ஒரு பாட்டை அவர்கள் பாடிக்கொண்டு போவார்களாம்; அதைக் கேட்டதுமே எதிரிப் படை சிதறி ஓடியது என்பது வழக்கு. 15-ஆம் நூற்றாண்டின் யிஸ்தெப்னிட்ஸே பாட்டுச் சுவடியில் அது பதிவாகியிருக்கிறது. மெட்டு பழைய டோரியன் முறையில் அமைந்தது. சுர வரிசையாகப் பார்த்தால் நமது கரகரப்பிரியா. ஆனால் அதில் நெளிவு சுளிவு எதுவும் கிடையாது. ஒரே சுரத்தில் இரண்டு மூன்று தட்டு, பிறகு ஓரடி நகர்வு என்று ஆணி அடிப்பதுபோல் போகும்.

பெட்ரிக் ஸ்மெத்தனா இந்த மெட்டைக் கையில் எடுத்தபோது அவருக்குக் காது கேட்காது. ஆஸ்திரியப் பேரரசின் கீழ் ஜெர்மன் மொழியில் படித்து வளர்ந்தவர். செக் மொழியில் பிழையில்லாமல் எழுதப் பெரியவரான பிறகுதான் பழகினார். 1874 அக்டோபரில் இரண்டு காதும் போயின. அந்த ஆண்டு தொடங்கி 1879 வரை ‘என் தாய்நாடு’ என்ற பெயரில் ஆறு சிம்பொனிக் கவிதைகளை எழுதி முடித்தார். 1882 நவம்பர் 5-ஆம் தேதி பிராகில் ஆறும் சேர்த்து முதல்முறையாக வாசிக்கப்பட்டபோது, அரங்கில் அதைக் கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

உலகம் அறிந்தது இரண்டாவதான ‘விளதாவா’வை. இரண்டு ஊற்றுகளுக்கு இரண்டு புல்லாங்குழல், வேட்டைக்கு ஹார்ன், ஊர்க் கல்யாணத்துக்குப் போல்கா, இரவில் நீர்த்தேவதைகள், பிறகு பாறை அருவிகள், கடைசியில் பழைய கோட்டையின் அடிவாரம் என்று நதியோடு நம்மை இழுத்துப்போகிறார். செக் மக்களின் உயிர்மெட்டு என்று எல்லோரும் கொண்டாடும் அந்த நதி மெட்டு 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பாட்டு ஒன்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இஸ்ரேலின் தேசிய கீதமும் அதே குடும்பம். மண்ணின் மணம் என்று நாம் சொல்வதில் பாதி, பல நாடுகளின் மண் ஒட்டிய கால்களோடு வந்து சேர்ந்தது.

ஆனால் ஸ்மெத்தனாவின் உண்மையான சாதனை கடைசி இரண்டில், ‘தாபோர்’, ‘பிளானிக்’ என்பவற்றில் இருக்கிறது என்பது என் கருத்து. ‘தாபோர்’ முழுவதையும் அவர் ஹுஸ்வழியினரின் பாட்டைக் கொண்டே கட்டினார். முழுப்பாட்டை எடுத்துக் கேட்பவர் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் அந்தத் தட்டல்கள் மட்டும் வருகின்றன, ஆழத்திலிருந்து, பிடிவாதமாக. ஒரு துண்டு, அடுத்த துண்டு, எதிரும் புதிருமாக மோதல். வெகுநேரம் கழித்துத்தான் பாட்டு முழு உருவில் நிற்கிறது. ‘பிளானிக்’ அதே தட்டல்களில் தொடங்குகிறது. நாட்டுக்குப் பேராபத்து வரும்போது எழுந்து வருவார்கள் என்று நம்பப்படும் வீரர்கள் அந்தப் பெயருள்ள மலைக்குள் உறங்குகிறார்கள். முடிவின் அணிவகுப்புக்குப் பாட்டின் கடைசி அடியை, இறுதி வெற்றியை உறுதி சொல்லும் அடியின் மெட்டை எடுத்தார். வார்த்தை தெரிந்த செக்காரருக்கு அது வாக்குறுதி. தெரியாத ஆஸ்திரிய அதிகாரிக்கு அது வெறும் அணிவகுப்பு இசை. ஒரே அரங்கில் இரண்டு பேர் இரண்டு கச்சேரிகளைக் கேட்கலாம்.

1883-இல் பிராகின் தேசிய நாடக அரங்கு, எரிந்துபோய் மறுபடி கட்டித் திறக்கப்பட்டபோது த்வோர்ஷாக் எழுதிய ‘ஹுசித்ஸ்கா’விலும் இதே மெட்டு. அதோடு நின்றிருந்தால் இது ஒரு நாட்டின் உள்வீட்டு விஷயம். 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்த பிறகுதான் பாட்டு எல்லை தாண்டியது. அந்த ஜூனில் வாட்ஸ்லாவ் தாலிக் ‘என் தாய்நாடு’ முழுவதையும் நடத்தினார். முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று தேசிய கீதம் பாடியது, வானொலிப் பதிவில் அது இன்றும் கேட்கிறது. அதே ஆண்டு ம்யூனிக்கில் ஒரு ஜெர்மானியர், கார்ல் அமடேயுஸ் ஹார்ட்மன், வயலினுக்கும் நரம்புக்கருவிகளுக்குமாக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். நாஜி ஆட்சியில் தன் இசை வாசிக்கப்படுவதையே விரும்பாமல் ஒதுங்கியிருந்தவர் அவர். கான்செர்ட்டோவின் தொடக்கத்தில் தனி வயலின் தயங்கித் தயங்கி எடுக்கும் மெட்டு இந்த ஹுஸ் பாட்டு. முடிவில் வருவது ரஷ்யப் புரட்சியாளர்களின் இரங்கற்பாட்டு. 1940-இல் சுவிட்சர்லாந்தில் அரங்கேறியது. ஆக்கிரமித்த நாட்டைச் சேர்ந்தவர், ஆக்கிரமிக்கப்பட்டவரின் பாட்டை எடுத்து எழுதுகிறார். தேசிய இசை என்பதற்கு இதைவிடக் கண்ணியமான உதாரணம் எனக்குத் தெரியாது. அது சொந்த தேசத்துக்கு எதிராக எழுதப்பட்டது.

1944 ஆகஸ்டில் நாஜிகளின் தெரசின் முகாமில் அடைபட்டிருந்த விக்டர் உல்மன் தன் ஏழாவது பியானோ சொனாட்டாவை முடித்தார். கடைசிப் பகுதி ஒரு ஹீப்ரு மெட்டின் மேல் எழுந்த ஃபியூக். அதன் நெரிசலுக்குள் ஹுஸ் பாட்டும் வந்து சேர்கிறது. கையெழுத்துப் படியில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று ஆர்க்கெஸ்ட்ராவுக்கான குறிப்புகளும் இருக்கின்றன. முகாமில் ஒரு சிம்பொனிக்குக் காகிதத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார். அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.

அடுத்தது 1968. பிராகுக்குள் மறுபடி டாங்குகள், இம்முறை சோவியத்துடையவை. பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் குடியேறிவிட்ட காரெல் ஹுசா செய்தியை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இலையுதிர்காலத்திலேயே ‘பிராகுக்கான இசை 1968’ என்பதை எழுதினார். முதலில் ஒரு கல்லூரியின் காற்றுக்கருவிக் குழுவுக்காக. 1969-இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். பிக்கோலோ ஒன்று தனியாகப் பறவைபோல் கூவும்; நகரத்தில் ஒருபோதும் முழுதாகக் கிடைக்காத சுதந்திரத்துக்கு அது குறி. அடியில் டிம்பனி, ஹுஸ் பாட்டின் முதல் தட்டல்களை மிக மெதுவாகத் தட்டும். கோபுரங்களின் நகரம் என்பதால் மணிகள். ஒரு பகுதியில் தாளக் கருவிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. முடிவில் எல்லாக் கருவியும் ஒரே குரலாகப் பாட்டை எடுக்கின்றன. எடுத்து, முடிக்காமல் நிறுத்துகின்றன. ஸ்மெத்தனா எந்த அடியின் மேல் தன் வெற்றியைக் கட்டினாரோ அதை ஹுசா எழுதவில்லை. சைக்கோவ்ஸ்கியின் பதினாறு பீரங்கிக் குண்டுகளும் சொல்லாததை அந்த விடுபட்ட அடி சொல்கிறது. ஆனால், பாட்டைத் தெரிந்தவருக்கு மட்டும்தான் விடுபட்டது எது என்று தெரியும். உலகம் முழுவதும் மாணவர் இசைக்குழுக்கள் ஆயிரக்கணக்கான முறை இதை வாசித்திருக்கின்றன. பலருக்கு அது அபாரமான ஒலிக்கூட்டம், அவ்வளவே.

1990-இல் ஆட்சி மாறிய பிராகில் ஹுசாவே அதை நடத்தினார். அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி, ஸ்மெத்தனாவின் நினைவு நாளில், 1948-இல் நாட்டை விட்டுப் போன ரஃபேல் குபெலிக் 42 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து ‘என் தாய்நாடு’ நடத்தினார். இந்த இரண்டு கச்சேரிகளிலும் அரங்கில் இருந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு இசையறிவு தேவையில்லை.

ஹங்கேரியின் கதை வேறு மாதிரி. 22 வயது பேலா பார்ட்டோக் 1903-இல் ‘கோஷுத்’ எழுதினார். 1848 புரட்சித் தலைவரைப் பற்றியது. ஆஸ்திரியப் படை வரும் இடத்தில், ஹைடன் எழுதிய ஆஸ்திரிய கீதத்தை மைனருக்குத் திருகி, முகம் கோணிய உருவமாக வரவைத்தார். 1904 ஜனவரியில் புடாபெஸ்ட் அரங்கேற்றத்துக்கான ஒத்திகையில் குழுவில் இருந்த ஆஸ்திரிய வாத்தியக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பார்ட்டோக் அங்கே நிற்காமல் சக இசையமைப்பாளர் கொதாயோடு ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் பாட்டைச் சேர்த்தார். ஹங்கேரியப் பாட்டோடு ருமேனிய, ஸ்லோவாக் பாட்டுகளும் அவருக்குச் சமம். இதற்காகவே பின்னால் தேசத்துரோகி என்று ஏச்சு வாங்கினார். 1923-இல் புடாபெஸ்ட் நகரம் ஒன்றான 50-ஆம் ஆண்டு விழாவுக்கு அவர் கொடுத்த ‘நடனத் தொகுப்பு’ ஹங்கேரிய, ருமேனிய, அரபுச் சாயல்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது. இருபது ஆண்டுகளில் ஒருவருடைய ‘தேசம்’ இவ்வளவு அகலமானது பெரிய விஷயம். ‘கோஷுத்’ இன்று அபூர்வமாகத்தான் வாசிக்கப்படுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இனி, ஊமைத்தன்மையின் மறுபக்கம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை 1942 ஏப்ரலில் ஹிட்லரின் பிறந்தநாளை ஒட்டி பெர்லினில் ஃபுர்ட்வேங்லர் நடத்தினார். 1989 கிறிஸ்துமஸில் அதே நகரில், சுவர் திறந்த கொண்டாட்டத்தில் பெர்ன்ஸ்டீன் நடத்தினார்; ‘மகிழ்ச்சி’ வரும் இடத்தில் ‘சுதந்திரம்’ என்று பாடவைத்தார். இரண்டுக்கும் நடுவில் 1972-இல் ஐரோப்பிய மன்றம் அந்த மெட்டைத் தன் கீதமாக்கிக்கொண்டது. இரண்டே ஆண்டு கழித்து, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு உரிமை தர மறுத்த ரொடீஷியாவின் வெள்ளையர் அரசும் அதே மெட்டைத் தேசிய கீதமாக எடுத்துக்கொண்டது. ‘ஃபின்லாந்தியா’வின் நடுவில் வரும் அமைதியான மெட்டு, நாட்டுப்புறப் பாட்டு என்று பலர் நினைத்தாலும் சிபெலியஸின் சொந்தக் கற்பனை. அது கிறிஸ்தவத் துதிப்பாடலாக உலகம் சுற்றியது. 1967-இல் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவின் தேசிய கீதமாயிற்று. நாடு மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. லிஸ்ட்டின் ‘லே ப்ரெலூட்’ முழக்கத்தை நாஜி வானொலி ரஷ்யப் போர்முனைச் செய்திக்கு முன்னிசையாக வைத்தது. எதிர்ப்பக்கத்தில் பிபிசி, ஜெர்மானியரான பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் முதல் நாலு தட்டை எடுத்து, மோர்ஸ் குறியில் ‘வி’ என்ற வெற்றியின் எழுத்தாக, ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பியது. நாஜிகள் அழித்த லிடிட்ஸே கிராமத்துக்காக மார்ட்டினு 1943-இல் அமெரிக்காவில் எழுதிய நினைவிசையிலும் அந்த நாலு தட்டு வருகிறது.

தலைப்பு ஒன்றே வரலாற்றைக் கொண்டுவந்து ஒட்டிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்டெரெட்ஸ்கி 52 நரம்புக்கருவிகளுக்கு எழுதிய ஒரு துண்டுக்கு முதலில் வைத்த பெயர் வெறும் கால அளவு, 8 நிமிடம் 37 விநாடி. பின்னால் அது ‘ஹிரோஷிமாவில் பலியானோருக்கான இரங்கல்’ ஆனது. இப்போது அந்தக் கீச்சொலிகளில் விமானத்தையும் அலறலையும் தவிர வேறொன்றை யாராலும் கேட்க முடிவதில்லை. இது மோசடியா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுரங்கள் பெயருக்காகக் காத்திருந்தன என்றும் சொல்லலாம்.

ஷோஸ்டகோவிச்சில் இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் 1942 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள். நடத்தியவர் கார்ல் எலியாஸ்பெர்க். வானொலிக் குழுவில் வாசிக்கத் தெம்புள்ளவர்கள் முதலில் பதினைந்து பேர் அளவில்தான் தேறினார்கள். மீதிப் பேரைப் படைகளிலிருந்து பிடித்து வந்தார்கள், ஒத்திகைக் காலத்திலேயே சிலர் இறந்தார்கள். ஒலிபெருக்கியை ஜெர்மன் முகாமை நோக்கித் திருப்பி வைத்தார்கள். அன்று அதன் பொருளில் ஐயம் இல்லை. பின்னால், சிம்பொனியின் முரட்டு அணிவகுப்பு ஹிட்லரை மட்டுமல்ல, ஸ்டாலினையும் குறித்தது என்ற பேச்சு வந்தது; அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நினைவுக்குறிப்பு நூலோ இன்றுவரை சர்ச்சைக்குரியது. 1957-இல் வந்த பதினோராவது சிம்பொனி ‘1905’ என்ற பெயரில், பீட்டர்ஸ்பர்கில் ஜாரின் படை ஊர்வலத்தைச் சுட்ட நாளைச் சொன்னது. புரட்சிப் பாட்டுகளால் நிரம்பியது. மறு ஆண்டு லெனின் பரிசும் பெற்றது. ஹங்கேரி எழுச்சியை சோவியத் டாங்குகள் நசுக்கி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அரங்கில் அமர்ந்திருந்த எத்தனை பேர் பீட்டர்ஸ்பர்கைக் கேட்டார்கள், எத்தனை பேர் புடாபெஸ்டைக் கேட்டார்கள்? அதன் மூன்றாம் பகுதியில் வயோலாக்கள் எடுக்கும் இரங்கற்பாட்டு, ஹார்ட்மன் 1939-இல் தன் கான்செர்ட்டோவை முடித்த அதே பாட்டு.

அமெரிக்காவில் தணிக்கை இல்லை. எனவே ஒளித்துச் சொல்லும் தேவையும் இல்லை. 1942-இல் காப்லாண்ட் ‘லிங்கன் உருவப்படம்’ எழுதியபோது இசையை நம்பாமல் லிங்கனின் சொற்களைப் படிக்க ஒருவரை மேடையில் நிறுத்தினார். கேட்கக் கம்பீரம்தான். ஆனாலும் வாய் வந்ததும் வம்பும் வந்தது. 1953-இல் ஐசன்ஹோவர் பதவியேற்பையொட்டிய கச்சேரியில் வாசிப்பதாக இருந்த இதை, காப்லாண்ட் கம்யூனிஸ்டுகளோடு பழகியவர் என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினர் கிளப்ப, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். லிங்கனை எடுத்தார்கள், குடியரசுக் கட்சி அதிபரின் விழாவில்! 1957-இல் வெனிசுவேலாவின் கராகஸில், சர்வாதிகாரி பெரெஸ் ஹிமெனெஸ் அரங்கில் இருக்க, மக்களாட்சி பற்றிய கடைசி வரிகளைக் கேட்டுக் கூட்டம் கொந்தளித்ததைக் காப்லாண்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். மறு ஜனவரியில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. கச்சேரியால் அல்ல என்று சொல்லத் தேவையில்லை.

காப்லாண்டுக்குப் பத்தாண்டு முன்பே, சுதந்திர நாட்டுக்குள் சுதந்திரம் இல்லாதவர்கள் சிம்பொனி எழுதத் தொடங்கியிருந்தார்கள். வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி’ 1931-இல். ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனி 1933-இல் சிகாகோவில். வில்லியம் டாசனின் ‘நீக்ரோ ஃபோக் சிம்பொனி’ 1934-இல் பிலடெல்பியாவில், ஸ்டோகோவ்ஸ்கியின் கையில். முதல் ஆப்பிரிக்கனைக் கடத்திக் கப்பலேற்றியபோது மனிதச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது என்றார் டாசன்; அந்தக் கண்ணியைத் தொடக்கத்தில் ஹார்னின் தனிக் குரலாக வைத்தார். கைதட்டல் பலமாக இருந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரிய குழுக்கள் பிரைஸையும் டாசனையும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. 2009-இல் இல்லினாய் மாநிலத்தின் பாழடைந்த வீடொன்றில் பிரைஸின் கையெழுத்துப் படிகள் கட்டுக் கட்டாகக் கிடைத்தபோதுதான் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்றே தெரிந்தது. தணிக்கை அதிகாரி இல்லாத ஊரிலும் ஒரு சிம்பொனியை ஊமையாக்க முடியும். வாசிக்காமல் விட்டால் போதும்.

இந்தியாவின் விடுதலைப் போருக்கு இப்படியொரு சிம்பொனி வரிசை கிடையாது. நம்மிடம் ஆர்க்கெஸ்ட்ரா மரபு இல்லை என்பது எளிய பதில். முழுப் பதில் அல்ல. பீத்தோவனின் பாதை ஒலிக்கூட்டங்களின் இழுபறியில் நிற்பது. ராகத்தில் வளர்ந்த காதுக்கு நடபைரவி ஒரு குறை அல்ல, சங்கராபரணம் வந்து தீர்த்துவைக்க அங்கே எந்த வழக்கும் இல்லை. அதைவிட முக்கியம், நம் போராட்டம் சொல்லை விடவில்லை. பாரதி பாட்டு தடைபட்டால் மறுபடி பாடினார்கள். நாடக நடிகர் விஸ்வநாததாஸ், வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனக் காவலுக்கு நடுவே வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டைப் பாடி, சிறைக்குப் போய் வந்து மறுபடி பாடினார். ஃபின்லாந்துக்காரருக்கு ‘இம்ப்ராம்ப்டு’ எப்படியோ, நமக்குக் கொக்கு அப்படி. கேடயமாக நாம் எடுத்தது சிலேடை.

ஆர்க்கெஸ்ட்ரா நம் கதைக்குள் வந்தது பின்வாசல் வழியாக. 1942 செப்டம்பரில் ஹாம்பர்க் நகரில், சுபாஷ் சந்திர போஸ் கலந்துகொண்ட விழாவில், ஜெர்மன் வானொலிக் குழு ஒன்று ‘ஜன கண மன’ மெட்டை வாசித்தது. ஹார்ட்மன் வாயடைத்துக் கிடந்த அதே ஜெர்மனியில். விடுதலைக்குப் பிறகு ஐ.நா. கூட்டத்துக்குப் போன நம் தூதுக்குழுவிடம் அங்கிருந்த வாத்தியக் குழு தேசிய கீதம் கேட்டது. இருந்த இசைத்தட்டைக் கொடுத்தார்கள். 1948 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் நேரு இதைச் சொல்லி, கீதத்துக்குச் சொல்லைவிட மெட்டு முக்கியம், வாத்தியக் குழு வாசிக்க ஏற்றதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். வந்தே மாதரத்துக்கு எதிராக அவர் வைத்த காரணங்களில் ஒன்று, அதன் மெட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எளிதில் இசையாது என்பது. 1952-இல் அகில இந்திய வானொலி தொடங்கிய ‘வாத்ய விருந்தா’வில் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் இந்தியக் கருவிகளைக் கொண்டு ஒரு குழுவைக் கட்டினார்கள். நல்ல முயற்சி, வரலாற்றைச் சொல்லும் பெரிய வடிவம் ஒன்று அதிலிருந்து எழவில்லை.

எழுந்தது வேறிடத்தில். ரவிசங்கரோடு 1960-களில் பாரிஸில் வேலை செய்து, அங்கே தாளக் கணக்கைக் கற்ற அமெரிக்கர் ஃபிலிப் கிளாஸ், ராட்டர்டாம் நகரம் கேட்டுக்கொண்டதன் பேரில் ‘சத்யாக்ரஹா’ என்ற ஓபராவை எழுதினார், 1980-இல் அரங்கேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகள். பாடுவது முழுக்க பகவத் கீதையின் சமஸ்கிருதம். கடைசி அங்கம் 1913-இன் நியூகாசில் நடைப்பயணம். நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு வெளியேறி டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்த அந்த ஒப்பந்தக் கூலிகளில் தமிழர்கள் மிகப் பலர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றது அந்தப் போராட்டத்தில்தான். இசையில் ஒரு தமிழ்ச் சொல் இல்லை என்று குறைபட்டுக்கொள்ளலாம், நியாயம்தான். ஆனால் வாத்தியப் பட்டியலைப் பாருங்கள். நரம்புக்கருவிகள், மரக் காற்றுக்கருவிகள், ஓர் ஆர்கன். ட்ரம்பெட் இல்லை, டிரம்போன் இல்லை, டிம்பனி இல்லை, ஒரு தட்டுக்கருவிகூட இல்லை. ‘எக்மோன்ட்’ முதல் ஹுசா வரை விடுதலை என்றால் எதையெல்லாம் முழக்கினார்களோ அவை அத்தனையும் வெளியே. முடிவில் காந்தி பாடுவது ஒரே ஏறுவரிசை, ஃபிரிஜியன் முறையில், நம் தோடியின் சுரங்கள். மறுபடி, மறுபடி, மறுபடி அதே படியேற்றம். மேஜருக்கு அது மாறுவதே இல்லை.